மண்டபம் முதல் தொண்டி வரை: பெண் மருத்துவர்களின் கேள்விகள்

கடலோரத்துப் பெண் மருத்துவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

மகப்பேறு மேற்படிப்பா, பொது சுகாதாரமா? நிர்வாகப் பொறுப்புக்கு வர ஆசை, மேடம்.
*ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மண்டபம் பக்கம்*

ஆசையை ஒளிக்காமல் சொன்னதற்கே ஒரு சபாஷ். நம் மாநிலத்தில் ஏணி மூன்று. பொது சுகாதாரத் துறையில் வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் என்று ஏறலாம். ஊரக நலப்பணித் துறையில் மாவட்ட இணை இயக்குநர் வரை வரலாம். மருத்துவக் கல்வித் துறையில் உதவிப் பேராசிரியரில் தொடங்கினால் டீன் நாற்காலி. இராமநாதபுரத்திலேயே 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தாகிவிட்டது, சரி. அதற்காக இங்கேயே டீன் ஆகலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மாறுதல் எங்கே வேண்டுமானாலும் வரும்.

மகப்பேறு படித்தால் பிரசவ அறை உங்களை விடாது. ஒரு மாவட்டத்தையே நடத்திப் பார்க்க வேண்டுமென்றால் டி.பி.எச். என்ற பொது சுகாதாரப் பட்டயப் படிப்பு அல்லது சமூக மருத்துவத்தில் எம்.டி. பக்கம் வாருங்கள். மாநிலத்துக்குரிய மேற்படிப்பு இடங்களில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதுவரை இருக்கும் இடத்தில் மருந்து இருப்புப் பதிவேட்டை மருந்தாளுநரோடு உட்கார்ந்து ஒருமுறை முழுக்கப் பாருங்கள். மேலே போன பிறகு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

புதிதாக வட்டார மருத்துவ அலுவலர் ஆகியிருக்கிறேன். என் வயசுக்குச் சமமாகச் சர்வீஸ் போட்ட சுகாதார ஆய்வாளர்கள் கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள், களத்தில் ஒன்றும் நடப்பதில்லை.
*இராமேஸ்வரம் தீவு*

கூட்டத்தில் திட்டினால் அடுத்த மாதமும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் அவர்களோடு தோப்புக்குப் போங்கள். தீவில் மலேரியா விடாமல் ஒட்டிக்கொண்டிருந்ததற்குச் சவுக்குத் தோப்பில் தண்ணீருக்காகத் தோண்டிய குழிகளும் ஒரு காரணம். கரண்டியில் குழித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். மலேரியா பரப்பும் அனாபிலிஸின் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். மற்றக் கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். இதை அந்த ஆய்வாளரே உங்களுக்குக் காட்டட்டும். காலமெல்லாம் அவர் பழகிய வேலை. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதில் உங்கள் கௌரவம் ஒன்றும் குறையாது. ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். எந்தக் குழியை மூடுவது, எதில் புழு தின்னும் மீன் விடுவது, யார், எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம், பாம்பன் பக்கம் கர்ப்பிணிகள் வரவில்லை என்று செவிலியரைக் கோபித்துக்கொள்ளும் முன் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவார்கள். கூட்டிவர வேண்டிய மாமியார் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் பாறையில் பாசி பறித்துக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு வா என்றால் மருமகள் யாரோடு வருவாள்? அந்த நாள்களில் மாலையிலும் பார்க்க ஏற்பாடு செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள், கல்யாணம் பேசுகிறோம். பெரிய பொறுப்பெல்லாம் குடும்பத்துக்கு ஒத்துவருமா?
*ஓர் உம்மா, கீழக்கரை*

மாப்பிள்ளை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள், உம்மா. 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். பிள்ளைகளையும் வளர்த்தார், சட்ட மேலவையின் துணைத் தலைவராகவும் இருந்தார், அறுபதைத் தாண்டிய பிறகு 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம். அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் சிக்கல். உங்கள் ஊர் வழக்கப்படி மகள் உங்களோடேயே இருந்தால் பாதிக் கவலை விட்டது.

தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட் பதவி தருகிறார்கள். ஏற்கலாமா?
*இராமநாதபுரம்*

எதிலெல்லாம் உங்கள் கையெழுத்து செல்லும் என்று கேளுங்கள். மருந்துக் கொள்முதல், ஆள் எடுப்பது, டியூட்டி பட்டியல் இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் கதவில் பெயர்ப்பலகைதான் மிச்சம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நிர்வாகத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

மனநல மருத்துவம் எடுத்தால் மேலே வர முடியாது என்கிறார்களே?
*பயிற்சி மருத்துவர், சொந்த ஊர் ஏர்வாடி*

ஏர்வாடிப் பெண்ணே இப்படிக் கேட்கலாமா? 2001 ஆகஸ்ட் 6-ல் உங்கள் ஊர்க் காப்பகத் தீயில் 28 மனநோயாளிகள் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள். 2017 மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டவே கூடாது என்றது. மனநோய் குணமாக வேண்டி உங்கள் ஊர்த் தர்காவுக்கு வருபவரிடம் துஆ, அதாவது பிரார்த்தனை, வேண்டாம் என்று சொன்னால் மாத்திரையும் வாங்க மாட்டார். ஆகவே அங்கே வேலை பார்ப்பவருக்குத் தர்கா நிர்வாகத்தோடும் போலீஸ் ஸ்டேஷனோடும் கலெக்டர் ஆபீஸோடும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் சேர்ந்தால் இத்தனையும் ஆரம்பத்திலேயே தலையில் விழும். மற்றத் துறைக்காரர்களுக்கு இதெல்லாம் பதவி உயர்வுக்குப் பிறகுதான். மேற்படிப்பு இடத்துக்கான கவுன்சலிங்கில் தயங்காமல் மனநல மருத்துவத்தையே முதல் விருப்பமாகப் போடுங்கள்.