20 சதவீத மூட்டுத் தேய்மானம்: மறுக்கப்பட்ட ஊன ஓய்வூதியத்தை இப்போது கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, ஏற்காடு மலையில் நாகலூருக்கு அருகே வசிக்கிறேன். 1980-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, பல ஆண்டுகள் காஷ்மீர் மலைப் பகுதிகளில் பணியாற்றி, 2004-ல் பணிக்காலம் முடிந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். 1998-ல் செகந்திராபாத்தில் இருந்தபோது வலது முழங்கால் வீங்கி, ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன்பின் என் மருத்துவத் தரம் நிரந்தரமாகக் குறைக்கப்பட்டது. ஓய்வு பெறும்போது நடந்த மெடிக்கல் போர்டு, மூட்டுத் தேய்மானம் 20 சதவீதம் என்றும், அது ராணுவப் பணியால் வந்ததோ கூடியதோ அல்ல என்றும் எழுதியது. 2005-ல் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. நான் மேல்முறையீடு செய்யவில்லை. இப்போது காபித் தோட்டத்துச் சரிவில் இறங்கவே முடியவில்லை. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவர் 60 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறார். அமைதிப் பகுதியில் வந்த நோய்க்கு டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இனி வழக்குத் தொடுக்க வழி உண்டா? போர்டு அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: வழி உண்டு ஐயா. ஆனால் உங்கள் வழக்கு அந்த 60 சதவீதச் சான்றின் மீது நிற்கப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2004-ல் நீங்கள் படையை விட்டு வெளியேறிய நாளில் உங்கள் முழங்கால் எப்படி இருந்தது, அதற்கும் பணிக்கும் தொடர்பு உண்டா என்ற இரண்டு கேள்விகளைத்தான் வழக்கை விசாரிக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் கேட்கும். முதல் கேள்விக்கு உங்கள் போர்டே 20 சதவீதம் என்று விடை எழுதிவிட்டது. பணிக்காலம் முடித்து வெளியேறியவருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். எஞ்சியிருப்பது இரண்டாவது கேள்வி ஒன்றே. தனியார் சான்றை முன்னால் நிறுத்தினால், ஓய்வுக்குப் பின் வயதால் வந்த தேய்மானத்துக்குப் பணம் கேட்கிறார் என்று எதிர்த்தரப்பு எளிதாகத் திருப்பிவிடும். நோய் கூடியிருப்பதற்காக மறு மதிப்பீட்டு மருத்துவ வாரியத்தைக் கேட்பது தனி விஷயம். உரிமை நிலைநாட்டப்பட்ட பிறகு அதைப் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பிய நகலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன். பணியால் ஏற்பட்டதா என்ற கட்டத்தில் 'இல்லை'. பணியால் கூடியதா என்ற கட்டத்திலும் 'இல்லை'. காரணம் எழுத வேண்டிய இடத்தில், உடல்வாகைச் சார்ந்த தேய்மான நோய், பணியோடு தொடர்பற்றது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துகள். 24 ஆண்டுக் காலாட்படைச் சேவையைப் பற்றியோ, சுமையோடு மலையேறிய ஆண்டுகளைப் பற்றியோ, 1998-க்கு முன் முழங்கால் எப்படி இருந்தது என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒற்றை வரியின் வெறுமையில்தான் இருக்கிறது.

நீங்கள் 2004-ல் ஓய்வு பெற்றதால், 1961-ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளும், 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். பின்னால் வந்த 2008, 2023 விதிகளை உங்கள் மீது திணிக்க முடியாது. ஒழுங்குமுறை 179-இன்படி, பணிக்காலம் முடிந்து வெளியேறியவரும், பணியால் ஏற்பட்ட அல்லது கூடிய ஊனம் இருந்தால், உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டவராகவே கருதப்படுவார். 1982 விதிகளில் விதி 5, படையில் சேரும்போது குறிப்பு எதுவும் எழுதப்படாத ஒருவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்று அனுமானிக்கச் சொல்கிறது. விதி 9, நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருக்கு இல்லை என்றும், நியாயமான ஐயத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும் என்றும் கூறுகிறது. இவற்றைவிட உங்களுக்கு நேரடியாகக் கைகொடுப்பது அந்த விதிகளின் மூன்றாம் இணைப்பு. பயிற்சி, அணிநடை, நீண்ட நேரம் நிற்றல் ஆகியவற்றால் பாதிக்கப்படும் நோய்களின் பட்டியலில் முதுகெலும்பு மற்றும் மூட்டுகளின் தேய்மான வாதம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அரசே இப்படிப் பட்டியலிட்டிருக்கும்போது, 'உடல்வாகு' என்று மட்டும் எழுதி ஒரு காலாட்படை வீரரின் முழங்காலைப் பணியிலிருந்து பிரித்துவிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இதே நோக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கைத் தீர்த்தது. அவர் சிக்னல் படைப் பிரிவில் 1985-ல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-ல் விடுவிக்கப்பட்டவர். அவருக்கும் 20 சதவீதம்தான். சேரும்போது குறிப்பு இல்லாத நோயைப் பணியோடு தொடர்பற்றது என்று சொல்லும் வாரியம் அதற்குக் காரணம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அனுமானம் வீரருக்கே சாதகமாகும் என்று நீதிமன்றம் சொன்னது. அமைதிப் பகுதி பற்றிய உங்கள் நண்பர்களின் கருத்துக்கும் அந்தத் தீர்ப்பில் விடை உண்டு. நோயின் காரணம் களப்பகுதியில் நேர்ந்ததா, சாதாரண அமைதிச் சூழலில் நேர்ந்ததா என்பது பொருட்டல்ல என்று சொல்லும் மருத்துவச் சேவை ஒழுங்குமுறை 423-ஐ நீதிமன்றம் அதில் எடுத்தாண்டிருக்கிறது. மேலும், செகந்திராபாத்தில் வீக்கம் தெரிந்தது என்பதால் தேய்மானம் அங்கேதான் தொடங்கியது என்று ஆகிவிடாது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. 2019-இன் நர்சிங் யாதவ் தீர்ப்பைக் காட்டி, இந்த அனுமானம் தானாகவே எல்லா நோய்க்கும் பொருந்தாது, மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு முதன்மை உண்டு என்று வாதிடும். அந்த வழக்கில் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது உண்மை. ஆனால் அது மனச்சிதைவு நோய் பற்றியது. சேர்க்கையின்போது கண்டறிய முடியாத நோய் என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது. முழங்கால் அப்படியன்று. ஆள்சேர்ப்பில் உங்களை ஓடவைத்து, உட்காரவைத்து, மடக்கி நீட்டச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

தாமதத்தைப் பற்றித்தான் உங்கள் கடிதத்தில் அதிகக் கவலை தெரிகிறது. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால், தாமதம் ஒன்றையே காட்டி உரிமையை அழித்துவிட முடியாது. 1983-ல் விடுவிக்கப்பட்டு 1999-ல் நீதிமன்றம் சென்ற தர்சேம் சிங்கின் வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் உரிமையை ஏற்று, நிலுவையை மட்டும் மனு தாக்கலுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குச் சுருக்கியது. எனவே ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நிலுவை கேட்டு மனுவில் எழுதுங்கள். ஆனால் வீட்டுக் கணக்கை 3 ஆண்டுகளுக்கே போட்டு வையுங்கள். இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த நிலுவையிலிருந்து கழிந்துகொண்டே போகும்.

தொகையைப் பொறுத்தவரை, சேவை ஓய்வூதியம் உங்களுக்கு ஏற்கெனவே வருவதால் இனிச் சேரவேண்டியது ஊனக் கூறு, அதாவது ஊனத்துக்காகத் தரும் கூடுதல் பகுதி மட்டுமே. 2014-ன் ராம் அவதார் தீர்ப்புக்குப் பின், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் 50-க்குக் குறைந்த சதவீதம் 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படுகிறது. முழு ஊனத்துக்கு ஊதியத்தில் 30 சதவீதம் என்ற பொது அளவின்படி பார்த்தால், 20 சதவீத ஊனத்துக்கு ஊதியத்தில் 6 சதவீதமாக இருப்பது, 50 ஆக உயர்த்தும்போது 15 சதவீதமாகிறது. இந்த உயர்த்தலை மனுவில் தனிக் கோரிக்கையாக எழுதச் சொல்லுங்கள். கேட்காததைத் தீர்ப்பாயம் கொடுக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

முதல் வேலையாக, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு விண்ணப்பியுங்கள். போர்டு அறிக்கையின் முழு நகல், 1980-ன் சேர்க்கை மருத்துவப் பரிசோதனை, 1998 மருத்துவமனைக் குறிப்புகள், மருத்துவத் தரக் குறைப்பு ஆணைகள், 2005-ன் நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பழைய கோப்புகள் காலக்கெடு முடிந்தால் அழிக்கப்படக்கூடும் என்பதால் இதை இந்த வாரமே செய்யுங்கள்.

நகல்கள் வந்ததும், தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதி, அதே அலுவலகத்தின் வழியாக முதல் மேல்முறையீட்டை அனுப்புங்கள். மேல்முறையீடு போன்ற வழிகளை முடிக்காமல் வந்தால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் சாதாரணமாக மனுவை ஏற்காது. ஆனால் 6 மாதங்கள் பதில் வராவிட்டால் அந்த வழி முடிந்ததாகவே 2007-ஆம் ஆண்டு ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 21 கருதுகிறது. அதன் பிறகு தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில், தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்து மூல விண்ணப்பம் தாக்கல் செய்யலாம்.

மனு எழுத, சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தையும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகுங்கள். நிலுவையில் பங்கு தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு வழக்கு நடத்தித் தருகிறேன் என்று வருபவரிடம் எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்; டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலையும் கொடுக்காதீர்கள். சென்னையில் விசாரணைக்கு வழக்கறிஞர் வந்தால் போதும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்த முழங்காலோடு நீங்கள் மலையிறங்கிப் பயணம் செய்ய வேண்டியதில்லை.