அட்டையில் அடங்காத பேச்சு

அன்புள்ள அக்கா,
என் கணவர் யூரேசியர், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழி வந்தவர். மாமியாருக்கு, போர்ச்சுகீசியமும் மலாயும் கலந்த கிரிஸ்தாங் மொழி பேச வரும். வீட்டில் வேறு யாருக்கும் வராது. மகளுக்காகப் படமும் சொல்லுமாக அட்டைகள் செய்கிறேன், பட்டியலை இணைத்திருக்கிறேன். மலாய் முறையில் எழுதுவதா, போர்ச்சுகீசிய முறையிலா? செயலியாக்கலாமா? மாமியாருக்கு வயதாகிவிட்டது, அதிகம் சிரமப்படுத்த விரும்பவில்லை.
– ம., பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,
எழுத்துமுறைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே எழுதுங்கள். செயலியை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் பட்டியல்தான் என்னை உறுத்துகிறது. பூனை, மீன், குடை, நாற்காலி. ஒரு வினைச்சொல்கூட இல்லையே! அட்டையை நீட்டி "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்பீர்கள். பிள்ளை ஒரு சொல் சொல்லும், கைதட்டுவீர்கள். அதோடு சரி. என் மகன் போன தமிழ்ப் பாலர் வகுப்பிலும் இதே கதைதான். முதலை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் சொல்வான். பாட்டியிடம் தண்ணீர் கேட்க ஆங்கிலம். "என்னடி கேக்குறான்?" என்று அம்மா என் முகத்தைப் பார்ப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தமிழுக்காவது பள்ளி உண்டு, வானொலி உண்டு, அதிகாரத்துவ மொழி என்ற இடம் உண்டு. அப்படியிருந்தும் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு அங்கே கலந்து வாழ்ந்த குடும்பங்களில் உருவான கிரிஸ்தாங்குக்கு, உங்கள் வீட்டில் மாமியார் ஒருவர்தான் பள்ளியும் வானொலியும்.

அந்த மொழியில் காலத்துக்காக வினை உருமாறாது. 'குமி' என்றால் சாப்பிடுவது. யோ ஜா குமி, சாப்பிட்டேன். யோ தா குமி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். யோ லோகு குமி, சாப்பிடுவேன். ஜா, தா, லோகு மூன்றையும் எந்த அட்டையில் வரைவீர்கள்? சோறு போடுமுன் ஒன்று, வாயில் வைக்கும்போது ஒன்று, தட்டைக் கழுவும்போது ஒன்று என்று பாட்டி சொல்லட்டும். சில வேளைச் சாப்பாட்டில் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். "ஏதாவது பேசுங்கள்" என்று எதிரே உட்கார வைக்காதீர்கள், கூச்சத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். யூரேசியர் வீட்டுக் காரக் குழம்பான கறி டெபல் செய்யச் சொல்லுங்கள். பேத்தியை அவர் அதட்டுவதும் கொஞ்சுவதும் தானாக விழும். வாக்கியத்தை அப்படியே எழுதி, எப்போது சொன்னார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பாடநூல். சந்தேகம் வந்தால் 2016இல் இங்கே வகுப்புகள் தொடங்கிய கோட்ரா கிரிஸ்தாங் குழுவினரைக் கேளுங்கள்.

சிரமப்படுத்த விரும்பவில்லை என்கிறீர்களே, அதைப் படித்ததும் உண்மையில் கோபம் வந்தது. சொந்த மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறாரே, அது சிரமமில்லையா, தங்கச்சி? மகளுக்கு முன்னால் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தப்புத் தப்பாகப் பேசுங்கள், அவர் திருத்தட்டும். ஒரு மாதப் பதிவு சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். செயலியைப் பற்றி அப்போது பேசுவோம்.