அடிக்கடி காயம்படும் கால்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக மைக்கேல் ஓவன் அடித்த கோலைப் பார்த்து அவருடைய ரசிகன் ஆனவன் நான். பதினெட்டு வயதில் அப்படி ஓடியவர், முப்பதை எட்டுவதற்குள் எப்படி மாற்று வீரர் வரிசையில் போய் உட்கார்ந்தார்? காயம் மட்டும்தான் காரணமா?

பதில்: காயம்தான் காரணம். அந்த உலகக் கோப்பை முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், 1999 ஏப்ரலில், லீட்ஸ் அணியின் மைதானத்தில் லிவர்பூலுக்காக ஆடிக்கொண்டிருந்த ஓவன் முழு வேகத்தில் ஓடியபோது அவருடைய வலது தொடையின் பின்பக்கத் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், அறுந்தது. தொடையின் பின்புறம் இருப்பவை மூன்று தசைகள். அறுந்ததை அறுவைசிகிச்சை மூலம் மீண்டும் இணைக்காமல், ஓய்வும் பயிற்சியும் கொடுத்துத் தானாகவே ஆறவிட்டார்கள். அதன் பிறகு இடது காலில் மூன்றும் வலது காலில் இரண்டுமாகத்தான் தாம் ஓடியதாக ஓவனே பின்னாளில் கூறியிருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இதற்குப் பிறகும் 2001இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள், மியூனிக்கில் ஜெர்மனியை இங்கிலாந்து 5-1 என வீழ்த்திய ஆட்டத்தில் மூன்று கோல்கள், ஆண்டு முடிவில் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது என்று அவர் குவித்ததைப் பார்த்தவர்கள், காயம் ஆறிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் அந்தத் தொடை மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டது. 2005இன் கடைசி நாளில் நியூகாசிலுக்காக ஆடும்போது பாத எலும்பு முறிந்தது. 2006 உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே, யாரும் மோதாமல், முழங்கால் சவ்வு (ஏ.சி.எல்.) கிழிந்தது. இங்கிலாந்துக்காக 89 ஆட்டங்களில் 40 கோல்கள் அடித்த அவர், 2008 மார்ச்சில், 28 வயதில், தம் கடைசிச் சர்வதேச ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டார். 2010 லீக் கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகக் கோல் அடித்தார்; அன்றே இடைவேளைக்கு முன்னர் தொடைத்தசை மறுபடியும் பிடித்துக்கொள்ள, அந்தப் பருவமும் அவருக்கு முடிந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவர் அளித்த பேட்டி ஒன்றில், தம் கடைசி ஆறேழு ஆண்டுகளில் முழு வேகத்தில் ஓடவே அஞ்சியதையும், எப்போது ஓய்வு பெறுவோம் என்று காத்திருந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். தற்காப்பு வீரருக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை நோக்கி ஓடுவதுதான் அவருடைய ஆட்டமே. அந்த ஓட்டத்தைத் தவிர்க்கத் தொடங்கியதும், பெனால்டி பகுதிக்குள் காத்திருந்து கிடைத்த பந்தைத் தட்டிவிடும் வேறொரு ஆட்டக்காரராக அவர் மாறினார். இருந்தும் பிரீமியர் லீகில் 150 கோல்களோடு விடைபெற்றார் என்பதை, அவரைப் பாதியில் கருகியவர் என்று பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): சிலர் பதினைந்து ஆண்டுகள் ஆடியும் காயமின்றி இருக்கிறார்கள்; சிலரோ மாதத்திற்கு ஒருமுறை கட்டுப்போட்டு வருகிறார்கள். உடல்வாகு என்று ஒன்று இருக்கிறதா, அல்லது எல்லாம் விதியா?

பதில்: உடல்வாகுக்கு ஒரு பங்கு உண்டு, வயதுக்கும் உண்டு. ஆனால் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கும் காரணம், ஏற்கெனவே அதே இடத்தில் பட்ட காயம்தான். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளில் 2001 முதல் நடந்துவரும், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் காய ஆய்வு, 25 பேர் கொண்ட ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் சுமார் ஐம்பது காயங்கள் ஏற்படும் என்று கணக்கிட்டது. அதாவது சராசரியாக ஆளுக்கு இரண்டு. காயமே படாதவர்தான் விதிவிலக்கு. அதே ஆய்வின்படி, மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தின் பங்கு 2001-02இல் 12 விழுக்காடாக இருந்து, இருபது ஆண்டுகளில் 24 விழுக்காடாக இரட்டித்துவிட்டது. இருபது ஆண்டுகளில் மனித உடல்வாகு மாறிவிடாது. ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும்தான் மாறியிருக்கின்றன.

அந்தத் தசை கிழியும் கணத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தொடையின் பின்தசை நீண்டுகொண்டே, அதே நேரத்தில் காலை நிறுத்துவதற்காக இறுகவும் வேண்டியிருக்கிறது. நீள்வதும் இறுகுவதும் ஒன்றாக நிகழும் அந்த இமைப்பொழுதில்தான் பெரும்பாலும் நார்கள் அறுகின்றன. ஆறிய இடத்தில் உருவாகும் தழும்புத் திசுவுக்குப் பழைய தசையின் நெகிழ்ச்சி இருப்பதில்லை. நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் வலி தெரியாததால் வீரர் குணமாகிவிட்டதாகவே நம்புகிறார். அணி தோற்றுக்கொண்டிருக்கிறது, பயிற்சியாளருக்கு ஆள் வேண்டும், வீரருக்கும் இடம் பறிபோய்விடுமோ என்ற பதற்றம். பத்து நாள் முன்னதாக இறங்கி, பத்து வாரம் வெளியே உட்காருகிறார். இப்படி இரண்டு முறை நடந்தால் பத்திரிகைகள் அவருக்குக் ‘கண்ணாடிக் கால்’ என்று பெயர் சூட்டிவிடும். அவசரப்படுத்தியவர்களுக்குப் பெயர் எதுவும் கிடைப்பதில்லை.

பெயர் சூட்டப்பட்டவர்கள் எல்லாரும் அப்படியே முடிந்துவிடுவதும் இல்லை. நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் இளமையில் அந்தப் பட்டத்தைச் சுமந்தவர். 2009இல் பயர்ன் மியூனிக்கில் சேர்ந்து பத்து ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 89ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவர்தான்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஏடன் ஹசார்டு விஷயத்தில் தவறு அவருடையதுதானே? ரியல் மாட்ரிடுக்கு எடை கூடி வந்தார், பிறகு காயம் காயம் என்றே காலத்தை ஓட்டினார்.

பதில்: கூடுதல் எடையோடு வந்ததை அவரே ஒப்புக்கொண்டார், அதில் வாதம் இல்லை. ஆனால் அதற்கு முன் செல்சியில் ஏழு பருவங்களில் 352 ஆட்டங்கள் ஆடியவர் அவர். எதிரணியினர் அவரை எவ்வளவு உதைத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அக்காலத்தில் அவரைப் போல உறுதியான கால்கள் குறைவு என்றே சொல்ல வேண்டும். நூறு மில்லியன் யூரோவுக்குக் குறையாத விலையில் 2019இல் மாட்ரிட் சென்றார். அந்த நவம்பரில் பாரிஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பெல்ஜியம் அணியில் தம்மோடு ஆடும் தோமா மெனியேவின் கால் பட்டு அவருடைய கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்தது. அதன் பிறகுதான் கணுக்கால், தசை என்று காயங்கள் வரிசையாக வந்தன. நான்கு பருவங்களில் 76 ஆட்டங்கள், ஏழு கோல்கள். 2023 அக்டோபரில், 32 வயதில் ஓய்வு. சட்டென்று நின்று, திரும்பி, மறுபடியும் பாய்வதுதான் அவருடைய கலை. கணுக்கால் நம்பிக்கை தராதபோது எடையைக் குறைத்திருந்தாலும் அந்தக் கலை முழுமையாகத் திரும்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): தேசிய அணிக்காக ஆடும்போது காயம் பட்டால் சம்பளம் யார் தருவது? கிளப் ஏன் அந்த இழப்பைச் சுமக்க வேண்டும்?

பதில்: நீண்ட காலம் கிளப்புகள்தான் சுமந்தன, சண்டையும் போட்டன. மேலே சொன்ன ராபனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு ஹங்கேரிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் அவருக்குத் தொடைத்தசையில் காயம் ஏற்பட்டது. ஆனாலும் அவர் தென்னாப்பிரிக்கா சென்று இறுதி ஆட்டம் வரை ஆடினார். திரும்பி வந்ததும் பரிசோதித்த பயர்ன் மருத்துவர்கள் தசையில் பெரிய கிழிசல் இருப்பதைக் கண்டார்கள். அவர் ஏறக்குறைய அரைப் பருவம் ஆடவில்லை. கிளப் இழப்பீடு கேட்டது, நெதர்லாந்து கால்பந்துச் சங்கம் மறுத்தது. கடைசியில், 2012 மே மாதம் நெதர்லாந்து தேசிய அணி மியூனிக்கிற்கு வந்து பயர்னோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடுவது என்று சமரசம் ஆனது. விநோதம் என்னவென்றால், அதற்குச் சில நாட்களுக்கு முன் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பெனால்டியைத் தவறவிட்டிருந்த ராபனை, அவருடைய காயத்துக்கு ஈடாக நடந்த அந்த ஆட்டத்திலேயே பயர்ன் ரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள்.

அதே 2012இல் ஃபிஃபா ஒரு காப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேசிய அணிக்காக ஆடும்போது காயம்பட்டு, 28 நாட்களுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அதன் பிறகு ஓராண்டு வரை அவருடைய சம்பளத்தைக் கிளப்புக்கு ஈடுசெய்வார்கள். உச்சவரம்பு 75 லட்சம் யூரோ. வீரரைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் உள்ளவரை சம்பளம் வரும். சிக்கல் அடுத்த ஒப்பந்தத்தில்தான். முழங்கால் நோயால் மான்செஸ்டர் யுனைடெட்டில் பல பருவங்களை இழந்த ஓவன் ஹார்கிரீவ்ஸ், 2011இல் தாம் ஓடுவதையும் எடை தூக்குவதையும் காணொளியாக எடுத்து யூடியூபில் ஏற்றி, தமக்கு உடற்தகுதி இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. சாம்பியன்ஸ் லீகை இரு கிளப்புகளோடு வென்றவருக்கு அந்த நிலை.

கேள்வி (சேலம் வாசகர்): பயிற்சிக்கே வராமல் ஆட்டத்துக்கு மட்டும் வந்த வீரர் ஒருவர் இருந்தாராமே?

பதில்: டாட்டன்ஹாமின் தற்காப்பு வீரர் லெட்லி கிங். அவருடைய ஒரு முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து தீர்ந்துவிட்டது. ஆட்டம் முடிந்தால் முழங்கால் வீங்கும். வாரம் முழுவதும் நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் கழித்துவிட்டு நேராக அடுத்த ஆட்டத்துக்கு வருவார். இருந்தும் 2008 லீக் கோப்பையை அணித்தலைவராக ஏந்தினார். 2012இல், 31 வயதில் விடைபெற்றார். இங்கிலாந்துக்காக அவர் ஆடியது 21 ஆட்டங்கள்தான். மூன்று, நான்கு நாட்களுக்கு ஓர் ஆட்டம் என்று நடக்கும் உலகக் கோப்பைக்கு அந்தக் கால் ஒத்துவரவில்லை.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): பெருங்காயத்திலிருந்து மீண்டவர்களில் உங்களை அதிகம் வியக்கவைத்தவர் யார்? பிரேசிலின் ரொனால்டோவைத்தான் சொல்வீர்கள் என நினைக்கிறேன்.

பதில்: ரொனால்டோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2000 ஏப்ரலில் முழங்கால் காயத்திலிருந்து திரும்பி, லாட்சியோவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய ஆறேழு நிமிடங்களில், யாரும் தொடாமலேயே முழங்கால் சிப்பியைத் தாங்கும் தசைநாண் முற்றிலும் அறுந்து விழுந்தவர், 2002 உலகக் கோப்பையில் எட்டுக் கோல்கள் அடித்தார்; இறுதி ஆட்டத்தின் இரண்டும் அவருடையவை. ஆயினும் 1996-97இல் பார்சிலோனாவுக்காக மைதானத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு ஐந்து பேரைக் கடந்தவர் திரும்பி வரவில்லை; வந்தவர், குறைவாக ஓடி நிறையக் கோல் அடித்த இன்னொரு மேதை.

என் தெரிவு சாண்டி கசோர்லா. ஆர்சனலின் இந்த ஸ்பெயின் வீரர் 2016 அக்டோபரில் காயத்தோடு வெளியேறினார். அறுவைசிகிச்சைக் காயத்தில் கிருமி புகுந்து, குதிகால் நாணில் பல சென்டிமீட்டரை அரித்துவிட்டது. பத்து அறுவைசிகிச்சைகளுக்கு மேல் நடந்தன. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாக அவரே விவரித்திருக்கிறார். கணுக்காலை மூடுவதற்கு இடது முன்கையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அந்தத் தோலில் மகள் இந்தியாவின் பெயர் பச்சை குத்தப்பட்டிருந்ததால், பெயரின் ஒரு பகுதி கையிலும் மறுபகுதி கணுக்காலிலுமாக இருக்கிறது. 2018இல் வியாரியாலுக்காகத் திரும்பினார், மறு ஆண்டே தேசிய அணிக்கும் அழைக்கப்பட்டார். 2025 ஜூனில், நாற்பது வயதில், தம் சொந்த ஊர்ப்பக்கத்து அணியான ஒவியேதோவை முதல் பிரிவுக்கு உயர்த்திய ஆட்டத்தில் பெனால்டி கோல் ஒன்றும் அடித்தார். கசோர்லா எப்போதுமே வேகத்தை நம்பி ஆடியவர் அல்லர். இரு கால்களாலும் ஒரே துல்லியத்தோடு பந்தைக் கொடுப்பவர். எந்தத் திறமை எந்தக் காயத்தைத் தாங்கும் என்பதற்கு மைக்கேல் ஓவனையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி (மதுரை வாசகி): பெண் வீராங்கனைகளுக்கு முழங்கால் சவ்வு அதிகம் கிழிகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2022-23 பருவத்தில் ஆர்சனல் பெண்கள் அணியில் மட்டும் பெத் மீட், விவியான மீடெமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர் ஆகிய நால்வருக்கு இது நேர்ந்தது. இடுப்பு, முழங்கால் அமைப்பு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால் ஆண்களின் பாதத்துக்காக வடிவமைத்த காலணி, தரம் குறைந்த மைதானம், இளமையில் கிடைக்காத வலுப்பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும்; ஏனெனில் இவற்றை மாற்ற முடியும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். தொடையின் பின்னால் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓய்வில் இருக்கிறான். வலி போய்விட்டது, மாவட்டப் போட்டிக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?

பதில்: வலி போய்விட்டது என்பதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள், அம்மா. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி, இரண்டு கால்களின் தசை வலுவும் நீட்சியும் சமமாக இருக்கின்றனவா, முழு வேகத்தில் பலமுறை ஓடியும் நின்றும் திரும்பியும் பார்த்தபின் வலியோ அச்சமோ இல்லாமல் இருக்கிறானா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே களமிறங்கட்டும். இந்தப் போட்டி தவறினாலும் பரவாயில்லை.

குணமான பிறகு, மண்டியிட்டு நிற்க, நண்பன் ஒருவன் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடலை மெல்ல மெல்ல முன்னால் சாய்த்து இறக்கும் ‘நார்டிக்’ பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். இதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கின்றன. ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ என்ற இருபது நிமிட உடல்தயார்ப் பயிற்சியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செலவு எதுவும் இல்லாத பயிற்சிகள் இவை. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னால், அணி முழுவதற்குமே சொல்லிக்கொடுத்துவிடுவார்.