மாதாரெயும் ஃபுயாதெஸும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு ஆண்டுகளாக ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் கொலையைப் பற்றிய 138ஆம் பிரிவு ‘எல் கே மாதாரெ அ ஓத்ரோ’ என்று தொடங்குகிறது. ‘மாதாரெ’ என்ற வினைவடிவம் என் பாடநூலில் இல்லை. அது வழக்கொழிந்தது என்கிறார் என் ஆசிரியை. வழக்கொழிந்தது அண்மைக்காலச் சட்டத்தில் எப்படி வந்தது? தமிழாக்கத்தில் பழந்தமிழ் நடை வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

பேச்சுமொழியைப் பொறுத்தவரை உங்கள் ஆசிரியை சொன்னது சரி. நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற எதிர்காலச் செயலைக் குறிக்கும் இவ்வடிவம், லத்தீனின் இரு வினைவடிவங்கள் ஒலியில் நெருங்கிக் கலந்ததால் பிறந்தது. அதன் வேலையை நிகழ்கால வடிவங்களே ஏற்றுக்கொண்டதும் ஸ்பானியப் பேச்சில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அண்டை மொழியான போர்த்துக்கீசியத்திலோ அது இன்றும் வீட்டுப் பேச்சு. ‘கடவுள் விரும்பினால்’ என்று அங்கே எவரும் சொல்வது இவ்வடிவத்தில்தான்.

சட்டம் இன்னும் நிகழாத குற்றத்தையும் யாரென்று தெரியாத குற்றவாளியையும் பற்றிப் பேசுவது. அதோடு, பழைய சட்டத்தின் வாசகத்தைத் தொட்டே புதிய சட்டம் எழுதப்படுவதும் வழக்கம். ஆகவே ஸ்பானிய வழக்கறிஞரின் காதில் ‘மாதாரெ’ பழமையாக ஒலிப்பதில்லை, சட்டமாகவே ஒலிக்கிறது. ‘பிறரொருவரைக் கொல்பவர்’ என்று எழுதுங்கள், போதும். ‘கொல்வானாயின்’ என்று எழுதினால் மூலத்தில் இல்லாத தூசியை நீங்கள் பூசியதாகிவிடும். (போகுமிடத்தில் காண்பதையே செய் என்னும் பழமொழியில், ‘ஃபுவெரெஸ்’, ‘வியெரெஸ்’ என இவ்வடிவத்தின் இரு சொற்கள் எதுகை போல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கின்றன.)

ஆனால் பழமையையே காட்ட வேண்டிய இடமும் உண்டு. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1605இல் வெளியிட்ட ‘தோன் கிஹோத்தே’ நாவலின் முதற்பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தில், காற்றாலைகளை அரக்கர்களென எண்ணிய நாயகன், ஓடாதீர்கள் என்னும் பொருளில், ‘நோன் ஃபுயாதெஸ்’ என்று முழங்குகிறான். அக்காலத்தவர் இச்சொல்லின் முதலில் வந்த ‘ஃப’ ஒலியை இழந்து, ‘-ஆதெஸ்’ என்னும் விகுதியையும் ‘-ஆய்ஸ்’ என்று சுருக்கிவிட்டிருந்தனர். படித்துப் படித்துப் புத்தி பேதலித்த வீரக்கதைகளின் மொழியிலேயே அவன் பேசுகிறான் என்பதை அன்றைய வாசகர் அந்த ஒரே சொல்லில் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அங்கே ‘ஓடாதீர்கள்’ என்று எழுதினால் அந்தச் சிரிப்பு போய்விடும். நான் ‘ஓடன்மின்’ என்றே எழுதுவேன்.