கடற்படைக் கப்பலில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் வீட்டு நினைவை எப்படிச் சமாளிக்கிறார்கள்? வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கரையை விட்டுக் கிளம்பும்போது வரும் ஏக்கத்தைவிட, கப்பல் பழகிய பிறகு வருவதுதான் கனமானது. முதல் சில நாட்கள் குமட்டலோடு போராடுவதிலேயே போய்விடும். கப்பலுக்குள் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரியும், உள்காது மட்டும் ஆட்டத்தை உணரும். இந்த முரண்பாடுதான் காரணம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அதுவரை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் படுப்பது நல்லது. வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

பிறகு வாட்ச், அதாவது மூன்று குழுக்கள் மாறி மாறிப் பார்க்கும் முறைப்பணி. நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்பார்கள். ஆனால் பராமரிப்பு, தீயணைப்புப் பயிற்சி, சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான். மாலை 4 முதல் 8 வரையிலான வாட்சை இரண்டிரண்டு மணி நேரமாக உடைப்பது பல கடற்படைகளில் வழக்கம். அப்போது நாளுக்கு ஏழு வாட்ச் ஆவதால் மூன்று குழுக்களுக்கும் முறை மாறிக்கொண்டே வரும். ஒரே குழு தினமும் நள்ளிரவு வாட்சில் மாட்டாது. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் தூங்கும் நேரம் தினமும் நகர்ந்துகொண்டே இருக்கும். தூக்கம் கெட்டால் வீட்டு நினைவு இன்னும் அழுத்தும். அதனால் கிடைத்த நேரத்தில் பங்க்கின் (அடுக்குப் படுக்கையின்) திரையை இழுத்துவிட்டுத் தூங்குவதுதான் முதல் மருந்து. அந்த நேரத்தில் போனில் குழந்தையின் வீடியோவைத் திறந்தால் தூக்கம் போனது போனதுதான். மூன்றடுக்குப் பங்க்கில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. ஆனாலும் மேல் பங்க்கின் அடிப்பக்கத்தில் ஒட்டிய ஒரு குடும்பப் படம் போதும், அது அங்கே படுப்பவரின் சொந்த இடமாகிவிடும்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. மெயில் வரவில்லை என்றால் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கப்பலிலிருந்து கிளம்பும் ரேடியோ அலையை வைத்து அது இருக்கும் திசையைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால், சில நேரம் எதையும் அனுப்பாமல் அமைதியாகத்தான் ஓடுவார்கள். நீர்மூழ்கியில் இருப்பவரிடமிருந்து வாரக்கணக்கில் ஒரு வரிகூட வராது. உங்களவருக்கு ஏதாவது என்றால் தகவல் முறைப்படி உங்களுக்கு வந்து சேரும்.

மெயிலுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். தொடர்பு திரும்பும்போது மொத்தமாக, வரிசை மாறி வரலாம். “காய்ச்சல் விட்டுடுச்சு” என்பதைப் படித்த பிறகு “காய்ச்சல் 103” என்பதைப் படித்தால் அவர் எவ்வளவு தவித்துப்போவார்! பெரிய படங்களை இணைக்காதீர்கள், இணைப்பு மெதுவானது. குழாய் சரிசெய்தது, பிள்ளை பல் விழுந்தது என்று சாதாரணமாக எழுதுங்கள். அவர் ஏங்குவது அதற்குத்தான். கடன், சண்டை போன்றவற்றை எழுதினால் கூடவே என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், அங்கிருந்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

மரணம், கடுமையான நோய் என்றால் மெயிலில் சொல்லவே வேண்டாம். அவருடைய படைப்பிரிவின் கரை அலுவலகத்தில் சொல்லுங்கள். அதிகாரி நேரில் உட்கார வைத்துச் சொல்வார், விடுப்புக்கு வழி உண்டா என்றும் பார்ப்பார். இதற்காகப் பெயர், பணி எண், கப்பல் பெயர், அலுவலகத் தொலைபேசி எல்லாம் கப்பல் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிவையுங்கள். வங்கி வேலைகளை அவர் சார்பில் நீங்கள் செய்வதற்கான அதிகாரப் பத்திரமும் (பவர் ஆஃப் அட்டர்னி) அப்போதே முடிய வேண்டும்.

திரும்பும் தேதியைப் பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்லாதீர்கள், அடிக்கடி தள்ளிப்போகும். சமூக வலைதளத்தில் போடவே கூடாது, அது கப்பலின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அவர் வந்த முதல் சில நாள் விருந்து, உறவினர் வீடு என்று அலைக்கழிக்காமல் தூங்க விடுங்கள்.