ரத்தம் ஏற்றுகிறார்கள், இரும்பை யார் கவனிப்பது?

கேள்வி: எனக்கு வயது 26. ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தநோயான தலசீமியாவுக்காகச் சிறுவயது முதல் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறேன். இப்போது உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையில் 3,200 என்று வந்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்டால், "இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மாத்திரையைத் தொடருங்கள்" என்பதோடு முடித்துக்கொள்கிறார். பயந்துபோன அம்மா, முருங்கைக்கீரை சமைப்பதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கீரைக்காக அம்மா அஞ்ச வேண்டியதில்லை. ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க, உடல் நாளொன்றுக்கு இழப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்துவிடுகிறது. ஆனால் ஹீமோகுளோபின் குறைவை மட்டும் பார்த்து யாரேனும் இரும்பு டானிக் எழுதிக்கொடுத்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். காசிமேட்டில் வாங்கும் நண்டும் இறாலும் நன்றாக வெந்த பிறகே உங்கள் தட்டுக்கு வரட்டும். இரும்பு மிகுந்த உடலில் சில கிருமிகள் மிக வேகமாகப் பெருகும்.

ஃபெரிட்டின் 3,200 என்பது அலட்சியம் செய்யக்கூடிய அளவன்று. எனினும் காய்ச்சலாலும் தொற்றாலும்கூட அது உயரும் என்பதோடு, இதயத்தில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்பதை அது சரியாகக் காட்டாது. அதற்கு 'டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ.' என்ற பரிசோதனை உண்டு. இதயத்தில் அந்த அளவு 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தால் இரும்பு படிந்திருக்கிறது என்றும், 10-க்குக் கீழே போனால் ஆபத்து மிகுதி என்றும் பொருள். இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மாத்திரையின் அளவு உங்கள் இன்றைய எடைக்கு ஏற்றதுதானா என்றும் கேளுங்கள். பள்ளிப் பருவத்தில் எழுதிய அளவே பலருக்குத் தொடர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையையும் கல்லீரல் பரிசோதனைகளையும் தவறாமலும், கண், செவிப் பரிசோதனைகளை ஆண்டுக்கொருமுறையும் செய்துகொள்ள வேண்டும். மாத்திரை போடாத நாட்களை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் மருந்து பலிக்கவில்லை என்று அவர் தவறாக முடிவுசெய்ய நேரும்.

கூட்டம் மிகுந்த ஓ.பி.யில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் இருக்கக்கூடும். எனவே ஒரு நோட்டில் தேதி, ஏற்றிய யூனிட், ஏற்றுமுன் ஹீமோகுளோபின், எடை, ஃபெரிட்டின், மாத்திரை அளவு ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதி, உட்கார்ந்தவுடன் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர்முன் வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் தலசீமியாவும் இடம்பெற்றிருப்பதால், அதற்கான சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

படபடப்பு, மூச்சுத்திணறல், கால்வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த ரத்தம் ஏற்றும் நாள்வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் சென்று, இரும்பு மிகுந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.