வண்டி வைத்தியம்: முந்தின போமன் விட்டுட்டுப் போன வேலை

கேள்வி: அண்ணே, டுரியான் தோட்டத்துக்கு ஏறி இறங்க பழைய ஹைலக்ஸ் ஃபோர்வீல் ஒண்ணு வாங்குனேன், எல்என்106 மாடல், 3எல்-ங்கற டீசல் இஞ்சின். நாலு கை மாறுன வண்டி. மேடு ஏறுனா ஹீட் ஆவுது, முன்னால ரைட் டயருக்கு உள்பக்கம் எண்ணெய் வடியுது, பிரேக் புடிச்சா லெஃப்ட்ல இழுக்குது. ஒரு போமன் (மெக்கானிக்) ரேடியேட்டர் பெருசா போடுங்கறாரு, இன்னொருத்தர் ஹாஃப்கட் கடையில, அதான் வெட்டுன பழைய வண்டி சாமான் விக்கிற கடையில, வேற இஞ்சினே பாருங்கறாரு. வித்துடலாமா?
– வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: விக்காதீங்க தம்பி. ரேடியேட்டரும் இப்ப வேணாம், இஞ்சினும் வேணாம். உங்க வண்டிக்கு முன்னாடி யாரோ செஞ்ச வேலைய கழட்டித்தான் பாக்கணும்.

எண்ணெய் வடியறதும் பிரேக் இழுக்கறதும் பெரும்பாலும் ஒரே வியாதிதான். ரைட்ல பிரேக் பேட்ல எண்ணெய் பட்டா அந்தப் பக்கம் புடிக்காது, புடிக்கற லெஃப்ட் பக்கம்தான் வண்டி இழுக்கும். இந்த மாடலுக்கு முன்னால ஒரே முழு ஆக்ஸில், ரெண்டு முனையிலயும் பந்து மாதிரி நக்கல் (சக்கரம் திரும்பற மூட்டு), அதுக்குள்ள கிரீஸ், நடுவுல டிஃப்ல (சக்கரங்களுக்கு சக்தியப் பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டி) கியர் ஆயில், இது ரெண்டையும் பிரிச்சு வெக்கிறது உள்ள இருக்கற சின்ன ஆயில் சீல் ஒண்ணுதான். அது போச்சுன்னா ஆயில் நக்கலுக்குள்ள வந்து கிரீஸோட கலந்துடும். இப்படி வந்த ஒரு வண்டிய நான் பிரிச்சப்ப உள்ளேர்ந்து கிரீஸே வரல, கருப்பா கஞ்சி மாதிரி ஊத்துச்சு, வெளிய சுத்தி செவப்பு சிலிகான் கை விரல் தடிமனுக்கு அப்பி வெச்சிருந்தாங்க, ஹப் நட்டோ உளியால அடிச்சு அடிச்சு மூலையெல்லாம் மழுங்கிக் கெடந்துச்சு. 54 மில்லிமீட்டர் சாக்கெட் ஒண்ணு வாங்கியிருந்தா அந்தப் பாவம் நடந்திருக்காது.

அதனால சீலை மாத்தச் சொல்லுங்க, ஆனா மாத்துறதுக்கு முன்னாடி ஆக்ஸில் மேல இருக்கற பிரீத்தரை, அதான் உள்காத்து வெளிய போற சின்னத் துளைய, பாக்கச் சொல்லுங்க, இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. தோட்டத்துச் சேறு அதை அடைச்சுட்டா டிஃப் சூடாகறப்ப உள்ள காத்து பெருத்து வெளிய போக வழியில்லாம புது சீலையும் தாண்டி ஆயிலத் தள்ளிடும், அப்புறம் சீல் சரியில்லன்னு கடைக்காரனத் திட்டுவோம். நக்கல் பேரிங்குக்கு மேலயும் கீழயும் ஷிம்னு மெல்லிசான தகடு இருக்கும், எது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே போகணும், கலந்தா ஸ்டியரிங் ஒண்ணு இறுகும், இல்ல ஆடும். எண்ணெய் குடிச்ச பேட் துடைச்சா சரியாவாது, ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க. இது முடியற வரைக்கும் தெலுக் பஹாங் மலை ரோட்டுல அந்த வண்டிய எறக்கவே எறக்காதீங்க.

அடுத்து ஹீட். தெர்மோஸ்டாட் மூடியக் கழட்டிப் பாருங்க, உள்ள காலியா இருக்கும்னு நினைக்கிறேன். நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்குன்னு கழட்டி வீசறது பழைய பழக்கம். ஆனா இந்த இஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை, சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும், அதே நேரத்துல அதோட கீழ் தட்டு பைபாஸ் வழிய, அதான் ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழிய, மூடும். அதையே எடுத்துட்டா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இஞ்சினுக்குள்ளயே சுத்தும், மேட்டுல சூடு ஏறாம என்ன பண்ணும்? அந்த வண்டிக்குன்னே உள்ள சைஸ் வாங்கிப் போடுங்க, கூலண்ட் ஊத்துங்க, பைப்புத் தண்ணி வேணாம். அதுக்கப்புறமும் ஏறுச்சுன்னா ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் கிளட்ச், கடைசியா ஹெட் கேஸ்கெட்னு வரிசையாப் பாக்கலாம்.

கேள்வி: என் பிக்கப்ல ஹெட்லைட் ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு முந்தின ஓனர் சிகரெட் பாக்கெட் வெள்ளிப் பேப்பர் சுத்தி வெச்சிருக்காரு. ஆறு மாசமா நல்லாத்தான் ஓடுது, அப்படியே விடலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: நல்லா ஓடல சார், எரியறதுக்கு நேரம் பாத்துக்கிட்டிருக்கு. ஃபியூஸ் இருக்கறது லைட்டைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. இன்னைக்கே பேப்பரை எடுத்துட்டு ஃபியூஸ் பெட்டி மூடியில எழுதியிருக்கற ஆம்பியர்லயே போடுங்க, திரும்பப் போனா சந்தோஷப்படுங்க, வயர் எங்கயோ பாடியில உரசுதுன்னு அர்த்தம். டேப் சுத்துன ஜாயிண்ட் எல்லாத்தையும் பிரிங்க, முறுக்கி விட்டதெல்லாம் உள்ள பச்சை புடிச்சிருக்கும். ஃபயர்வால்ல (இஞ்சினுக்கும் டிரைவர் பக்கத்துக்கும் நடு தகடு) வயர் போற ஓட்டையில ரப்பர் இருக்கான்னும் கைய விட்டுப் பாருங்க, நான் பாத்த வண்டிங்கள்ல பாதிக்கு மேல அங்கதான் வயர் அறுந்திருந்துச்சு.